வெட்டாமல் விட்ட கிளை

போன வாரம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பெயர் சேகர். கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். ஈப்போவில் வேர்த்து வழிகிற எனக்கு வருஷத்தில் ஒரு முறையாவது அந்தக் குளிர் வேண்டும். தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பனியைப் பார்க்கத்தான் போகிறேன். சேகர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வான்... எங்கே படிக்கப் போகிறான்? தைரியமாக எழுதலாம்.

அங்கே காலையில் எழுந்தால் உலகமே இருக்காது. லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றால் எதிர்வீடு இல்லை, கோயில் இல்லை, ரோடு இல்லை. எங்கோ ஒரு ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏறப் பனி மெல்ல விலகும். முதலில் ஒரு மரம், பிறகு ஒரு வேலி, அப்புறம் ஒரு மலை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். காணாமல் போய்த் திரும்பி வந்த எதிர்வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? நேற்று வரை அதே தகரக் கூரைதான். நேற்று நான் அதைப் பார்க்கவே இல்லை.

இந்த முறை பனி கலைந்ததும் கண்ணில் பட்டது ஒரு பை. வாசற்படியில், கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய துணிப்பை.

"யாருதும்மா இது?" என்று தம்பி மனைவி சரோஜாவைக் கேட்டேன்.

"எங்க அக்காவோடது மாமா. இன்னிக்குக் கோலா தெர்லாவுக்குத் திரும்பிப் போறாங்க." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சரோஜாவின் உடன்பிறந்த அக்கா. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கோலா தெர்லாவில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலை, அங்கேயே தங்க ஒரு சின்ன அறை. போன வருஷம் பிரசவத்துக்குப் பிறகு சரோஜா படுத்த படுக்கையாகி, மாதக்கணக்கில் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைப்பாளா என்பதே சந்தேகம். அப்போது வேலையை உதறிவிட்டு ஓடி வந்தவர் இவர். சமையல், துணி, பச்சைக் குழந்தை – எல்லாம் இவர் தலையில். சேகர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நாட்களில், தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை நகராமல் நின்றவரும் இவர்தான்.

இப்போது சரோஜா தேறிவிட்டாள். பழையபடி கொழுந்து பறிக்கப் போகிறாள். அப்புறம் என்ன சிக்கல்?

குழந்தைதான். அழுதால் பெரியம்மாவிடம்தான் தாவுகிறது. பெற்றவள் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சரோஜாவுக்கு வலிக்காதா? வீடோ ஒரே அறை. யாரும் சண்டை போடவில்லை. "அக்காவும் எத்தனை நாளைக்குத்தான் இங்கேயே..." என்று ஒருநாள் பேச்சு எழுந்திருக்கிறது. அக்கா பையைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான்.

"அங்கே உங்க அறை இருக்குல்ல அக்கா?" என்று தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"அதுல வேற ஆளு வந்துட்டாங்களாம் தம்பி. யாராச்சும் ஒரு மூலை குடுப்பாங்க லா. சரோஜாக்கிட்ட சொல்லிறாதீங்க."

டாக்சி மேல் ரோட்டுக்குத்தான் வரும். அந்த வழியில்தான் சேகர் வேலை செய்கிற மலை. அவனிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று நடந்தோம். பை என் கையில், குழந்தை அக்கா இடுப்பில், சரோஜா கடைசியில்.

தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். கவாத்து என்று பெயர். மொத்தமாக வெட்டினால் செடி செத்துப்போகலாம். அதனால் ஒரே ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். மொட்டைச் செடிக்கு அதுதான் மூச்சு, அதுதான் சோறு. அந்த மலை முழுக்க அப்படித்தான் இருந்தது. மொட்டை மொட்டையாகச் செடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக் கிளை மட்டும், வாத்தியார் பெயர் கூப்பிட்டதும் கை தூக்குகிற பிள்ளையைப் போல. நடுவே பனி நடந்து போய்க்கொண்டிருந்தது. எங்கே வந்தோம், எதற்கு வந்தோம் என்பதெல்லாம் மறந்து நின்றுவிட்டேன்.

சேகர் அந்தக் கிளைகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இதை ஏன் தம்பி வெட்டுறீங்க? நல்லாத்தானே இருக்கு," என்றார் அஞ்சலை அக்கா. முட்டைக்கோஸ் பார்த்தவர், தேயிலை வேலை தெரியாது.

"கிட்ட வந்து பாருங்க அக்கா, புதுத் துளிர் வந்துருச்சு. இனிமே இது தேவையில்ல. விட்டா சத்தையெல்லாம் இதுவே இழுத்துக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கத்தி நின்றுவிட்டது.

அக்கா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தார். "அப்பச் சரிதான். பாவம் பார்த்துப் பாதியில விட்டுறாதீங்க தம்பி. ஒரே வெட்டா வெட்டிருங்க," என்றார். குரலில் துளிக் குத்தல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குழந்தையைச் சரோஜாவிடம் நீட்டினார். அது வீறிட்டு அழுதுகொண்டு பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. சரோஜா அந்தச் சின்னக் கையையே பார்த்தாள். பிரித்து எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே இறங்க ஆரம்பித்தாள்.

"டாக்சி மேலதான வரும், எங்க போற?" என்றான் சேகர்.

"வரலன்னு சொல்லிருங்க."

"ரூமு சின்னது லா சரோஜா..." என்றார் அக்கா.

"சின்னதாவே இருக்கட்டும்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "புள்ளைக்கு ரெண்டு அம்மா. இருந்துட்டுப் போவட்டும்."

பனி அவளை மறைத்தது. கொஞ்ச நேரத்தில், பின்னாலேயே இறங்கிய அக்காவையும், குழந்தையையும். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். சேகர் மூக்கை உறிஞ்சினான். குளிராம்.

மரத்தைப் பார், மலையைப் பார், பாடம் படி என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே எத்தனையோ முறை உங்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். நல்ல பாடங்கள்தான். ஆனால் எல்லாப் பாடத்தையும் அப்படியே படித்துவிட வேண்டுமா என்ன? நாம் மொட்டையாக நின்ற நாட்களில் யாரோ ஒருவர் நமக்காக மூச்சு விட்டிருப்பார். நாம் துளிர்த்த பிறகு அவர் எங்கே போனார்? நாம் யாரும் கத்தி எடுப்பதில்லை. கடிதத்துக்குப் பதில் போடாமல் விடுகிறோம். "அப்புறம் வர்றேன்" என்கிறோம். அதுவே போதுமானதாக இருக்கிறது.

செடிக்கு வேறு வழியில்லை. நமக்கு, பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் இடம் இருக்கிறது.