கடைசி அடி விழும்வரை

குரங்கணியில் தமுக்கடித்து ஊர்ச்சேதி சொன்ன ஜக்கையனை ஊரே ‘டேய்’ போட்டுத்தான் கூப்பிட்டது. நான் ‘அவர்’ என்றுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

தமுக்கை மூன்று தரம் அடிப்பார். உடனே பேசமாட்டார். அழுகிற பிள்ளை அடங்கி, கடைசி ஆளும் திரும்பிப் பார்க்கும்வரை சும்மா நிற்பார். பாதிச் சேதியில் மறுபடி நிறுத்துவார். “இவன் வாயத் தெறக்கிறதுக்குள்ள கஞ்சி ஆறிப்போகும்” என்று கேலி செய்தவர்களுக்கும் அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கும். சேதி முடிந்ததும் ஓர் அடி. அது விழாமல் எந்தத் தண்டனையையும் நிறைவேற்றக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

1911 ஐப்பசியில் ஏலக்காய்க் கொட்டகையில் இரண்டு மூட்டை காணாமல் போனது. சுமை தூக்கும் மொக்கச்சாமிதான் எடுத்தான் என்றான் சுடலை மேஸ்திரி. இழுத்து வரும்போதே மொக்கச்சாமிக்கு இரண்டு பல் போயிருந்தது. வலது கையை உரலில் வைத்து உலக்கையால் நசுக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ப்பாயிற்று. அவன் பெண்டாட்டி செல்லக்கிளி மண்ணில் புரண்டு அழுதாள்.

ஜக்கையன் தமுக்கை அடித்தார்.

“களவாண்ட மொக்கச்சாமியோட வலது கைய...”

நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். ஓங்கிய உலக்கை அந்தரத்திலேயே நின்றது. மொக்கச்சாமியின் மூக்கு ரத்தம் கல்லில் சொட்டுவது எல்லோருக்கும் கேட்டது. “சொல்லித் தொலடா!” என்று சுடலை அவர் முகத்தில் பிரம்பால் விளாசினான். கன்னம் கிழிந்தது. ஜக்கையன் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

காய் பொறுக்கும் இருளம்மாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “மூடையத் தூக்குனது மேஸ்திரிதான்! எங்கண்ணால பாத்தேன். வெளிய சொன்னா கொன்னுபுடுவேன்னான்!” என்று கத்திவிட்டாள்.

சுடலை ஓடப் பார்த்தான். அதுவே போதுமாயிருந்தது. மொக்கச்சாமியைக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்டார்கள். அவன் உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். முதல் அடியில் முழங்கால், இரண்டாவதில் தலை. கூட்டம் இன்னும் போடு என்று கூச்சலிட்டது. ஜக்கையன் குறுக்கே விழுந்து, “வேணாம்ப்பா, விடுப்பா, செத்துருவான்ப்பா” என்று மூச்சுவிடாமல் கத்தினார். யார் காதிலும் விழவில்லை.

செல்லக்கிளி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

“எம்புருசன் கையக் காப்பாத்திக் குடுத்தீகளே, அண்ணே!”

“அந்தக் கையத்தான் பாக்குறேன், ஆத்தா.”

உலக்கை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சுடலையின் முகத்தில் அடையாளம் எதுவும் மிச்சமில்லை.

எட்டாவது மாதம் கொலை வழக்கில் மொக்கச்சாமியைத் தூக்கில் போட்டார்கள். செல்லக்கிளி சாகும்வரை ஜக்கையனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவரால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.