துலுக்கானம் போட்ட கீறல்

இது இட்டுக்கட்டியதில்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டட்டும். எந்தத் தாசில்தார் கச்சேரி என்று மட்டும் கேட்காதீர்கள். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1854. கும்பினி ஆட்சி. வரி கட்டாதவன் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பார்கள். கிட்டி என்று பேர். சீமையில் யாரோ இதைக் கேள்வி கேட்டுவிட்டார்கள். துரைமார் அன்றுதான் கேள்விப்பட்டவர்கள்போலத் திடுக்கிட்டு ஒரு கமிஷன் போட்டார்கள். அடிபட்டவன் புகார் கொடுக்கலாம் என்று தமுக்கு அடித்தார்கள். எங்கே கொடுப்பது? அடித்த கச்சேரியில்தான்.

புகார் எழுதும் வேலை கச்சேரி எழுத்தரான ராயசம் ஜம்புலிங்க முதலியாருக்கு.

"ஓய், அவனுக என்ன சொன்னாலும் நீர் என்ன எழுதணும்?" என்றார் தாசில்தார்.

"எனக்கு யாதொரு குறையும் இல்லைன்னு."

"அப்ப உம்ம வேலை நிலைக்கும்."

ஐந்து பெண்களைப் பெற்றவருக்கு வேலை நிலைக்க வேண்டாமா? எழுதினார். படிக்கத் தெரியாதவர்கள் அடியில் ஒரு கீறல் போடுவார்கள். 'இது இன்னார் கீறல்' என்று அவர் பக்கத்தில் எழுதுவார். முப்பத்தோரு பேர் அழுதுகொண்டே கீறிவிட்டுப் போனார்கள். முப்பத்தோரு பேருக்கும் ஒரு குறையுமில்லை.

கடைசி நாள். சேவகன் பன்னிரண்டு மணி அடித்துவிட்டுச் சாப்பிடப் போனான். டங்... அந்த ஓசை அடங்குமுன் எதிரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். படியேறி வந்த சத்தமே இல்லை.

"பேரு?"

"துலுக்கானம். கள்ளிக்குப்பம்."

எங்கேயோ எழுதிய பேர்போல இருந்தது.

விரல்கள் நசுங்கி நீலம் பாரித்திருந்தன. ஒரு ஈகூட அந்தப் புண்ணில் உட்காரவில்லை. வெயிலில் இருந்தும் நிழல் விழவில்லை. உச்சி வேளை, யாருக்குத்தான் விழுகிறது என்று முதலியார் விட்டுவிட்டார்.

அவன் நடந்ததைச் சொன்னான். இவர் வழக்கமான வரியை எழுதினார்.

"எழுதிக்கினியா மொதலியாரே?"

"ஆச்சு. கீறு."

"படிச்சுக் காட்டு."

முதலியார் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"அது இதுல இல்லியே."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

"அப்போ தெரியாது."

அந்த விரல்களாலேயே பேனாவை எடுத்தான். கிர்ர்ர்... கொக்கிபோல ஒரு வளைவு. கீழே ஒரு வால்.

வலித்தது முதலியார் விரலில்.

மணல் தூவினார். மை காயவில்லை...

நிமிர்ந்தார்.

ஆள் இல்லை.

டங்... மணி ஒன்று.

புகார்க் கட்டு பட்டணம் போய், ஒரு மாதத்தில் பதில் வந்தது: 'முப்பத்தொருவருக்குக் குறை இல்லை. முப்பத்திரண்டாவது காகிதத்தில் கீறல் மட்டும் உள்ளது. எழுத்து எதுவும் இல்லை. ஆகவே தள்ளுபடி.' கடைசியில் கமிஷன், சித்திரவதை உண்டு, துரைமார் மேல் குற்றமில்லை என்றது. தெரியாது என்பவனை யார் என்ன கேட்பது?

அந்தப் பேர் முதலியாரை விடவில்லை. சாவு எழுதும் பதிவேட்டைப் புரட்டினார். அவன் வந்த நாளுக்குப் பதினோரு நாள் முந்தைய தேதி. 'கள்ளிக்குப்பம் துலுக்கானம். கச்சேரிக் கொட்டடியில். வாந்திபேதி.'

தாசில்தார் சொல்ல, முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதியது. அவருடைய கையெழுத்துதான்.

அதற்குள் அவர் விரல்கள் நீலம் பாரித்து மடங்கிவிட்டன. வேலை நிலைக்கவில்லை. பென்ஷன் கேட்டு மனுக் கொடுத்தார். புது ராயசம் எழுதினான். அடியில் முதலியார் கீறல் போட்டார்.

நேர்கோடுதான் போட நினைத்தார்.

கொக்கிபோல ஒரு வளைவு...

கீழே ஒரு வால்.