விங் நட்

ரஷ்யாவில் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவந்தவன் நான். அரைகுறை மொழியறிவை மறைத்து, ராஜபாளையத்தில் பேண்டேஜ் தறி செய்யும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன்.

தறியின் ஆங்கிலக் கையேட்டில், மூடியை இறுக்கும், கையால் திருக இரண்டு காது வைத்த ‘விங் நட்’டுக்கு ரஷ்யச் சொல் தெரியவில்லை. ‘இறக்கையில் உள்ள நட்டு’ என்று எழுதிவிட்டேன்.

தறி வாங்கும் கம்பெனி சோதித்துப் பார்க்க அனுப்பிய ரஷ்ய ஃபிட்டர் அதைப் படித்து, இறக்கைபோல நீட்டியிருந்த பக்கவாட்டுத் தகடுகளின் நட்டுகளை மட்டும் முடுக்கினார். தறி ஓடியதும் மூடி தெறித்து அவர் மணிக்கட்டைக் கிழித்தது.

“ஏட்டி மாரி, மூடிய மாட்டுனது நீதான? நாளைலேருந்து வராத!” என்று, தறி பூட்டும் வேலை பார்த்த பெண்ணிடம் மேனேஜர் கத்தினார்.

ஃபிட்டர் என்னிடம் மூடியின் நட்டைக் காட்டி, ரஷ்ய மொழியில், “இதை நாங்கள் ஆட்டுக்குட்டி என்போம். உன் கையேட்டில் அது இல்லையே?” என்றார்.

“என்ன சொல்லுதாரு?” என்றார் மேனேஜர்.

இரண்டு மொழியும் தெரிந்தவன் அங்கே நான் மட்டும்தான்.

“நட்டு லூசா இருந்துச்சாம் சார்.”

மாரி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் வாசலை அடைவதற்குள் கத்திவிட்டேன்: “சார், தப்பு என்னுது! நான்தான் தப்பா எழுதிட்டேன்!”

அன்றே என் வேலை போனது.

வெளியே வரும்போது மாரி கேட்டாள்: “முதல்லயே சொல்லிருக்கலாம்லண்ணே?”

வேலை போனதுகூட மறந்துவிட்டது. அவள் வாசல்வரை நடந்த அந்தத் தூரம்தான் இன்னும் உறுத்துகிறது.