இந்தியர் கைவேலை

சிவநேசத்தை யாரும் இந்தியப் பெண் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போதும், பஸ்ஸில் நின்றபடியே பாடம் எடுப்பாள்: நான் யாழ்ப்பாணம், இலங்கை வேறு, இந்தியா வேறு. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து இதே வேலைதான். கேட்டவர்கள் அடுத்த நாளும் இந்தியன் என்றே சொன்னார்கள். அவளும் விடுகிற ஆளில்லை.

மொன்றியலின் வில்லரே பகுதியில் அவளுடைய மேல்வீட்டுக்குக் குடிவந்த கத்தரினுக்கும் அதே வியாதி. முதல்நாள் மாடிப்படியில், நீங்கள் இந்தியரா என்று சிவநேசம் பிரெஞ்சில் கேட்டுவைத்தாள். கேட்டவள் யார் பாருங்கள்! "இன்னு" என்றாள் கத்தரின். சிவநேசத்தின் காதில் அது 'இன்னும்' என்று விழுந்தது. இன்னும் என்னதான் சொல்லப் போகிறாள் என்று அவள் வாயைப் பார்த்தபடி நின்றாள். கத்தரின் நெஞ்சில் கைவைத்து மறுபடியும் இன்னு என்றாள். அது, வெள்ளைக்காரர் இந்தியர் என்றே அழைத்துவந்த இந்த மண்ணின் ஆதிச் சனங்களில் ஓர் இனத்தின் பெயர், மனிதர் என்று அர்த்தம். அது விளங்கியதும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கத்தரினும், சென் லோறன்ஸ் ஆற்றின் வடகரையில் இருந்த அவள் அக்காமாரும் மொக்கசின் தைத்தார்கள். கரிபு மான் தோலைப் பதமாக்கிப் புகையூட்டி, மேலே மணி கோத்துப் பூப்போட்ட, காலுக்கு மெல்லிய சப்பாத்து. சிவநேசம் ஒரு சோடியை, பழைய நகரத்தில் தான் வேலை செய்த நினைவுப்பொருள் கடைக்குக் கொண்டுபோனாள். முதலாளி அருமைநாதன் முகர்ந்து பார்த்துவிட்டு, அடுப்படி மணக்குது, இதை ஆர் வாங்கப்போகினம் என்றார். சுற்றுலா வந்த சனம் அந்த மணத்துக்காகவே வாங்கியது. கடையில் அதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்க வேண்டியதாயிற்று. நாளடைவில் அக்காமாரின் அடுப்பு எரிவதே அந்தத் தட்டை நம்பித்தான் என்றாகிவிட்டது. தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிவநேசம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

2006ஆம் ஆண்டு அருமைநாதனுக்குப் புத்தி வேலை செய்தது. நாசமாய்ப் போன புத்தி! தமிழ்நாட்டு ஆம்பூரிலிருந்து பெட்டி பெட்டியாக அதே சாயலில் தோல் சப்பாத்து வந்து இறங்கியது. மணியெல்லாம் பசையால் ஒட்டியது. அதைக் கத்தரினின் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கி, பாதி விலை போட்டு, மேலே ஒரு பலகை மாட்டினார்: இந்தியர் கைவேலை.

இது அடுக்காது அண்ணை என்று சிவநேசம் சொல்லிப் பார்த்தாள்.

"ஆம்பூரில தைச்சவன் இந்தியன் இல்லாமல் ஆர் பிள்ளை? எழுதினதில ஒரு பொய் காட்டு பாப்பம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மனிசன் அதற்குப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டார். கேட்டால் ஓம் என்று மட்டும் சொல்லு, மிச்சத்தை அவையே நினைச்சுக்கொள்ளட்டும் என்றார். பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்க்கலாம் என்பதையும் அன்பாகவே சொன்னார்.

எங்கே போய்ப் பார்ப்பது? கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அவளுடைய அம்மா தனியே இருந்தாள். ஊரில் மறுபடி குண்டு விழத் தொடங்கியிருந்தது. அம்மாவை இங்கே கூப்பிட மகளுக்கு நிலையான வேலை வேண்டும். வேலை போனால் அம்மா அங்கேதான்.

ஆகவே சிவநேசம் ஓம் சொன்னாள். இந்தியர் செய்ததா என்று கேட்டார்கள். ஓம் மதாம் என்றாள். ஆம்பூர்ச் சப்பாத்து பறந்தது. கத்தரினுடையது தூசி பிடித்தது. இந்தக் கோடை சனம் குறைவு என்று மேல்வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் அடுத்த நாளும் வேலைக்குப் போனாள்.

ஓகஸ்டில் ஒருநாள் கத்தரின் தானே கடைக்கு வந்தாள். என்ன ஏது என்று பார்த்துவரும்படி அக்காமார் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்கார அம்மா இரண்டு விதச் சப்பாத்தையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டும் இந்தியர் செய்ததுதானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த விலை என்று சிவநேசத்திடம் கேட்டார். கத்தரின் மலிவான சோடியைக் கையில் வாங்கி முகர்ந்தாள். பிறகு சிவநேசத்தைப் பார்த்தாள். காசு மேசையிலிருந்து அருமைநாதனும் பார்த்தார்.

சிவநேசத்துக்கு ஒரு பக்கம் கொழும்பில் அம்மா, ஒரு பக்கம் கத்தரின்.

"இல்லை மதாம்" என்றாள் கடைசியில். "இது இந்தியாவில் தொழிற்சாலையில் செய்தது. மற்றதுதான் இன்னு சனம் தைத்தது. தைத்தவள் இவள்."

அந்த அம்மா இரண்டையும் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அருமைநாதன் சத்தம் போடவில்லை. நாளைக்கு வரத் தேவையில்லை பிள்ளை என்று மட்டும் சொன்னார்.

கத்தரின் தட்டிலிருந்த தன் சப்பாத்துகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். சிவநேசம் பின்னாலேயே ஓடி, மெட்ரோ வாசலில் அவளைப் பிடித்தாள். வேலை போனதைச் சொன்னாள், அம்மாவைப் பற்றிச் சொன்னாள், வழியில் போகிறவர்கள் பார்க்க அழுதாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நம்பினாள். கத்தரின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்றைக்கு நான் இருந்தேன், சொன்னாய்" என்றாள். "நேற்று என்ன சொன்னாய்?"

கத்தரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு பேருக்கும் ஒரே கட்டடம், ஒரே ரயில். அவள் முதலில் போகட்டும் என்று சிவநேசம் அடுத்த ரயிலுக்கு நின்றாள்.