அலையாத்திப் பூவை வரைந்தவர்கள்

தங்கபுஷ்பம் எங்கள் தாவர ஓவியர் சங்கத்தில் சேர்ந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். கணவர் கடையிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். அதன் பிறகு ஒரே மகன் அபின் கல்லாவில் உட்கார்ந்தான். இவர் உள்ளே நின்று சரக்கைப் பார்த்துக்கொண்டார். நாசரேத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் பேச்சிலிருந்து ஊர் போகவில்லை. மதிப்புக்குரிய யாரைப் பற்றிச் சொன்னாலும் ‘வந்தாவ, போனாவ’தான். பள்ளியில் படித்த காலத்தில் தாவரவியல் படங்களை அத்தனை அழகாக வரைவாராம். படிப்போடு அதுவும் நின்றுபோயிருந்தது.

காலடிப்பேட்டையில் ஒரு தையல் வகுப்பின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுவோம். நான் பள்ளி ஆசிரியை, சங்கத்தின் செயலாளர். எங்கள் வரைதலில் கற்பனைக்கு இடமில்லை. செடி எப்படி இருக்கிறதோ அப்படியே தாளில் வரவேண்டும். இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையும் வேண்டும். கடலோரச் செடிகளை ஓராண்டு முழுக்கத் தொடர்ந்து வரைவது, டிசம்பரில் கண்காட்சி வைப்பது என்று அந்த ஜனவரியில் முடிவு செய்தோம். ஒரு செடிக்கு இரண்டு பேர். துளிர், பூ, காய் எல்லாம் ஒரே தாளில் வரவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்தி மரம் தங்கபுஷ்பத்துக்கும் ரஹீமுக்கும் விழுந்தது.

ரஹீம் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுக்கும் வேலையில் இருந்து, சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, குழந்தை இல்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. முதலில் கப்பல்களைத்தான் வரைந்துகொண்டிருந்தாராம். கப்பல் நிற்காது, போய்விடும், செடி எங்கேயும் போகாது என்று சொல்லிச் சிரிப்பார். கோடு போடுவதில் அவர் கை சுத்தம். நிறம் மட்டும் அவருக்கு வராது. தங்கபுஷ்பத்துக்கு நேர்மாறு. ஆகவே அவர் கோடு, இவர் நிறம் என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் எல்லோருமாகக் கழிமுகத்துக்குப் போனோம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குக் கீழே, சாம்பல் படிந்த சேற்றில், அந்த மரங்கள் வேரை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. இலையின் மேல்பக்கம் பச்சை. அடிப்பக்கம் வெள்ளியும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். அந்த நிறத்தைக் குழைத்துப் பிடிக்கத் தங்கபுஷ்பத்துக்கு மார்ச் கூட்டம் முழுவதும் போதவில்லை. அது நோன்பு மாதம். கிறிஸ்தவர்களுக்கு லெந்து என்ற தவக்காலமும் அதே நாட்களில்தான் வந்திருந்தது. நாங்கள் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினோம். அவர்கள் இருவர் மட்டும் மாடியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாம்பல் நிறத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது தங்கபுஷ்பம் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

மே மாதம் மரம் பூத்தது. பட்டாணி அளவுப் பூ, கிச்சிலிப்பழ மஞ்சள். வெயில் ஏறினால் வாடிவிடும் என்பதால் கூட்ட நாளுக்குக் காத்திராமல் அவர்களாகவே ஷேர் ஆட்டோவில் போய்விட்டு வந்தார்கள். ஒருமுறை அல்ல, பூக்காலம் முடியும் வரை. குடையைத் தங்கபுஷ்பம் பிடிக்க, ரஹீம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கோடு போடுவார். அப்படி ஒரு காலையில்தான் அவர் கேட்டார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாராம்.

“ஒண்ணு கேக்குறேன், நீங்க பேஜாராவக் கூடாது. நீங்களும் தனியாத்தான் கீறீங்க, நானும் தனியாத்தான் கீறேன். ஒரே வூட்ல இருந்துகினு வரைஞ்சா இன்னா? நீங்க கோயிலுக்குப் போங்க, நான் பள்ளிவாசலுக்குப் போறேன். யாரும் எதையும் மாத்திக்க வாணாம்.”

தங்கபுஷ்பத்தின் கையில் குடை கொஞ்சம் சாய்ந்து அவர் தாளில் வெயில் விழுந்தது. பிறகு நேராகப் பிடித்தார். மகனிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் தனக்கு உடம்பு லேசாகிவிட்டது போல இருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

அப்போது அபினுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் நல்ல குடும்பம். பேச்சு பாதியில் இருந்தது. அம்மா சொன்னதைக் கேட்டு அவன் கத்தவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பொண்ணு வீட்டில் என்ன சொல்வது, சபையில் என்ன சொல்வது என்று கேட்டான். கடைசியில், அப்பா உட்கார்ந்த நாற்காலியில்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். தங்கபுஷ்பம் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவதாக மகனுக்குச் சொன்னார்.

அவன் அந்த வாரமே அம்மாவுக்குத் தெரியாமல் ராயபுரம் போனான். ரஹீமின் அறையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்தான். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை.

“அங்கிள், எங்கம்மாவுக்கு அந்தச் சங்கம் ஒண்ணுதான் இருக்குது. நீங்க அங்க இருந்தா அது வராது, வூட்லயே கெடந்து வாடிப்பூடும். நீங்க நின்னுக்கினீங்கன்னா அது நிம்மதியா வரைஞ்சுகினு இருக்கும். எனக்காக இல்ல அங்கிள்.”

அவனுடைய நெஞ்சில் கள்ளமில்லை. அம்மாவுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நம்பினான். ரஹீம் சரி என்றார். தான் நின்றுவிட்டதற்கான காரணம் தங்கபுஷ்பத்துக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மறுநாள் சங்கத்தின் பெரிய தாளை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பூக்கொத்து முழுவதையும் பென்சிலால் முடித்திருந்தார். காலில் வலி, மாடி ஏற முடியவில்லை, இனிமேல் அந்தம்மா பார்த்துக்கொள்வார்கள் என்றார். நான் நம்பினேன்.

ஆனால் ஜூலைக் கூட்டத்துக்குத் தங்கபுஷ்பமும் வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை. அந்த மாதம் எருக்கும் அடப்பங்கொடியும் வரைந்தோம். திருவொற்றியூர் கடற்கரையில் காற்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற பக்தவச்சலம் ஒரு தாளைத் துரத்திக்கொண்டு ஓடிப்போய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அலையாத்திப் படம் மட்டும் அலமாரியிலேயே கிடந்தது. போன் செய்தால் கடையில் வேலை அதிகம் என்பார் தங்கபுஷ்பம். செப்டம்பரில் நானே நேரில் போனேன்.

கடையின் உள்ளே, பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார். மெலிந்திருந்தார். கண்காட்சி எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு, வாசல்பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அவிய வாராவளா?”

ரஹீம் ஜூனோடு நின்றுவிட்டார் என்று சொன்னேன். கால்வலி என்றும், படத்தை நீங்கள் முடிப்பீர்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றும் சொன்னேன். தங்கபுஷ்பம் பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“நா வராம இருந்தா அவிய வருவாவன்னுல்லா இருந்தேன்.”

அதைச் சொல்லி முடிக்கும்போதே முகம் உடைந்துவிட்டது. கல்லாவிலிருந்த அபினுக்கு எல்லாம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அன்று இரண்டு பேருமே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள், அம்மா உள்ளே வைத்து, மகன் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்துவந்து. நான் நல்லதுன்னு நெனச்சேன் டீச்சர் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு அபின் மறுபடியும் ராயபுரம் போனான். இந்த முறை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். தான் தவறு செய்துவிட்டதாகவும், பெண் வீட்டில் தானே பேசிக்கொள்வதாகவும் ரஹீமிடம் சொல்லி, அவரைக் கையோடு கூட்டிவருவதாகத் திட்டம். தங்கபுஷ்பம் அன்று ஆராதனை முடிந்து வந்து சமையலை முடித்துவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகன் தனியாகத்தான் வந்தான். ரஹீம் ஆம்பூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தனியாக இருக்க வேண்டாம் என்று தங்கை பிடிவாதம் பிடித்து, அங்கே ஒரு விதவைப் பெண்ணோடு அவருக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. அபின் போவதற்குச் சில நாட்கள் முன்னால்தான். ரஹீமின் அண்ணன் சந்தோஷமாக இனிப்பு எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறார். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். வாசலிலேயே நின்று அழுதான்.

“அழாதல,” என்றார் தங்கபுஷ்பம். “கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது.”

அவனுக்குப் பரிமாறினார். தானும் சாப்பிட்டார். ஒரு நாளும் அவனைக் குறை சொன்னதில்லை. அதுதான் அவனை வாட்டியது.

அக்டோபரில் அவர் சங்கத்துக்குத் திரும்பி வந்தார். மரம் காய்த்திருந்தது. தூறலில் எங்களோடு கழிமுகத்துக்கு வந்து, சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, காய்களைப் பார்த்து வரைந்தார். நசுங்கிய பாதாம் போன்ற காய். அதன் மேல் பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம். கோடும் அவரே, நிறமும் அவரே. பிறகு பூவுக்கு வந்தார். ரஹீம் போட்டிருந்த பென்சில் கோடுகளுக்குள் நிறத்தை மிகவும் நீர்க்கக் கலந்து, கோடு மறையாதபடி பூசினார். நிறம் காய்ந்ததும் பென்சிலை அழித்துவிட வேண்டும், அதுதான் முறை என்று பக்தவச்சலம் எடுத்துச் சொன்னார். தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டார். அழிக்கவில்லை. நான் பக்தவச்சலத்தைக் கண்ணால் தடுத்தேன்.

டிசம்பரில் ராயபுரத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. படத்தில் பெயர் உள்ள எல்லோருக்கும் அழைப்பு அனுப்புவது வழக்கம், ரஹீமுக்கும் போயிற்று. வருவார் என்று நான் நினைக்கவில்லை. கடைசி நாள் வந்தார், மனைவியோடு. லுப்னா என்று பெயர். சாதுவான, கூச்ச சுபாவமுள்ள பெண். அவருக்கு எதுவும் தெரியாது என்று பார்த்ததும் புரிந்தது.

அலையாத்திப் படத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வாங்க என்றார். லுப்னாதான் பேசினார். இவர் கோடு போட்டாரா, நீங்கள் நிறம் கொடுத்தீர்களா என்று ஆசையாகக் கேட்டார். படத்தின் அருகே குனிந்து பார்த்துவிட்டு, பூவில் மட்டும் பென்சில் தெரிகிறதே என்றார்.

“அது அவிய போட்ட கோடும்மா,” என்றார் தங்கபுஷ்பம். “நல்லாருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.”

லுப்னாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய் மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். செடியின் பெயர், பூக்கும் மாதம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். ரஹீம் அலையாத்திப் படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்காமல், “அவங்க வந்துகினு இருக்காங்கன்னுதான் நெனச்சேன், டீச்சர். ஒரு நாள்கூட வரலையா?” என்றார். இல்லை என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

அவர்கள் கிளம்பும்போது தங்கபுஷ்பம் வாசல் வரை போய் வழியனுப்பினார். உள்ளே வந்ததும் தலை சுற்றுகிறது என்று சொல்லி மண்டபத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. வெளியே மழை வலுத்ததால் கூட்டம் குறைந்திருந்தது, அதுவரைக்கும் நல்லது.

ஜனவரியில் அபினின் கல்யாணம் நடந்தது. எங்கள் சங்கத்தார் எல்லோரும் போயிருந்தோம். தங்கபுஷ்பம் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டு அனுப்பினார். புதிய ஆண்டின் திட்டக் கூட்டத்துக்கும் வந்தார். இந்த வருடம் சாலையோரச் செடிகள். சீட்டு வேண்டாம், தனக்கு நெருஞ்சி போதும், தனியாகவே வரைந்துகொள்கிறேன் என்றார். யாரும் மறுக்கவில்லை.

இப்போது மாதம் தவறாமல் வருகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு, தூரிகையைக் கழுவிவைத்துவிட்டுப் போகிறார். மருமகள் சில நாள் கூட வருவதுண்டு. போன வாரம் பேச்சுவாக்கில், மழை முடிந்ததும் ஒருநாள் எல்லோருமாக எண்ணூர் போய்வரலாமா என்று கேட்டேன்.

“நீங்க போய்ட்டு வாங்க டீச்சர்,” என்றார், நெருஞ்சியின் முள்ளைப் பார்த்தபடியே. “நா கடையப் பாக்கணும்.”