சிவனம்மாக்கா ஜூன் ஐந்தாம் தேதி பிறக்கவில்லை

மன்னிக்கவும். நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை. யாராவது போட்டோ போட்டால் லைக் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

சிவனம்மாக்கா முந்தாநாள் போய்விட்டார். கொடைக்கானலில் நான் முதன்முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டல் மேட்ரன்.

செய்தி கேட்டு அழுதேன். பழைய மாணவர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. கோபம்தான் வந்தது.

“தோற்றம்: ஜூன் 5.” அதற்குக் கீழே, “உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று இயற்கை நமக்குத் தந்த அன்னை.” பின்னால் ஒரு பெரிய மரம் வேறு... எல்லாரும் ஹார்ட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானல் பக்கத்துப் பூண்டியில் எங்கள் வீட்டுக்கு வெள்ளைப்பூண்டு விவசாயம். அந்த வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. பள்ளி ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன்.

அதனால் வாயைத் திறக்கத் தேவையில்லாத ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தினமும் அசெம்பிளிக்கு முன்னால் கரும்பலகையில் “இந்த நாளில்” எழுத வேண்டும். யார் பிறந்தார், எந்த நாடு விடுதலை பெற்றது, எந்தப் போர் முடிந்தது...

ஜூன் ஐந்துக்கு மட்டும் புத்தகம் பார்க்க வேண்டியதில்லை, பிரின்சிபாலே சொல்லிவிடுவார். முதல் வரி சுற்றுச்சூழல் தினம். இரண்டாவது வரி, நமது மேட்ரன் பிறந்தநாள்.

அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுக் கையில் ஒரு மரக்கன்றைக் கொடுப்பார்கள். பிரின்சிபால் மைக்கில், “நம்ம என்விரான்மென்ட் டே பேபி!” என்பார். சாரலில் நின்றபடி பிள்ளைகள் ஹேப்பி பர்த்டே பாடுவார்கள்.

இறங்கியதும் அக்கா அந்தக் கன்றை என் கையில் திணித்துவிடுவார். “நீயே வச்சுக்க புள்ள. நான் நட்டா வெளங்காது.”

ஒரு வருடம் கேட்டுவிட்டேன், பிறந்தநாளும் அதுவுமா ஏன்க்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று.

“எனக்கு மட்டுமா? எங்கம்மாவுக்கும் இன்னைக்குத்தான் பொறந்த நாளு. அப்பாவுக்கும் இன்னைக்குத்தான், தம்பிக்கும் இன்னைக்குத்தான். எங்கம்மா பொறந்த கையோட எங்களையும் பெத்துப் போட்டுட்டாங்க.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகுதான் சொன்னார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்து இந்தியாவுக்கு அனுப்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. எழுபதுகளில் கப்பலில் வந்து இறங்கினார்கள். முகாமில் பெயர் பதிந்தவர் பிறந்த தேதி கேட்டிருக்கிறார்.

“இவ பட்டிப் பொங்கலு அன்னைக்குப் பொறந்தவங்கய்யான்னு எங்கம்மா சொன்னாங்க. மாட்டுக்கு மாலை கட்டிக்கிட்டு இருக்கையில வலி எடுத்துச்சாம். இங்க நீங்க மாட்டுப் பொங்கல்னுதானே சொல்லுவீங்க? அந்தாளுக்கு வெளங்கல. ‘அப்படி ஒரு தேதி இருக்கா? தேதி சொல்லும்மா’ன்னு கத்துனாரு. பின்னாடி கப்பல் சனம் பூராம் நிக்குது. வெரசா அன்னைக்குத் தேதியவே எழுதி விட்டுட்டாரு. எங்க எல்லாருக்கும்.”

“நீங்க சொல்லியிருக்கலாமேக்கா?”

“தேதியா புள்ள அன்னைக்கு முக்கியம்? எங்கக்காள விட்டுட்டு வந்து எறங்குன நாளு அது. அவ மாப்பிள்ளைக்கு அங்கயே பிரஜாவுரிமை குடுத்துட்டாங்க. கோச்சி கெளம்பையில ஜன்னலப் புடிச்சுக்கிட்டே ஓடியாந்தா. அப்புறம் பாக்கவே இல்ல. அதுக்குத்தான் வருசா வருசம் கைதட்டுறாங்க.”

ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார், கடைசிவரைக்கும்.

இதைப் பிரின்சிபாலிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். “ரெக்கார்டில் இருப்பதுதானே சிவனம்மா உண்மை? தவிர, எவ்வளவு அழகான நாள்!” என்றாராம்.

அழகான நாள்!

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. குளிர்கால விடுமுறை, பள்ளியில் பிள்ளைகள் யாரும் இல்லை. காலையில் பலகையைத் துடைத்து எழுதினேன். “இந்த நாளில்: சிவனம்மா பிறந்தார்.” அவ்வளவுதான்.

“யாருடி படிக்கப் போறா? கொரங்குதான் வரும்” என்றார் அக்கா. ஆனால் உள்ளே போய்த் தலைசீவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து அதன் முன்னால் நின்றார்.

வாக்கிங் வந்த பிரின்சிபால் பார்த்தார். “நோட்டீஸ் போர்டில் சொந்த விஷயமெல்லாம் எழுதக் கூடாதும்மா.” அவரே டஸ்டரை எடுத்து அழித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

“விடு புள்ள, சாக்பீஸ்தான. வா, பொங்க வச்சிருக்கேன்” என்றார் அக்கா.

அந்த ஜூனிலும் பிரின்சிபால் ஆபீஸுக்கு வந்து கேட்டார். “மேட்ரன் பர்த்டே எழுதியாச்சா?”

ஜூனில் அது சொந்த விஷயம் இல்லையாம்...

நேற்று ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் ரவி என்னை அடையாளம் கண்டுகொண்டான். “பதினாறாம் நாள் கார்டுக்கும் இதே டிசைன்தான் டீச்சர், ஸ்கூல் ஆளுங்க நல்லாப் பண்ணிருக்காங்க” என்று போனில் காட்டினான். நான் டீச்சர் இல்லை என்றுகூடச் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போய் வாருங்கள் அக்கா. அந்தப் பக்கம் உங்கள் அக்கா நிற்பார்.

ரவி, இதை நீ படித்தால் ஒன்றே ஒன்று. கார்டு இன்னும் அச்சுக்குப் போயிருக்காது. தோற்றம் என்ற இடத்தில் அந்தத் தேதியைப் போடாதேப்பா. தை மாதம், பட்டிப் பொங்கல் என்று போடு. அப்படி ஒரு தேதி இருக்கிறதா என்று பிரஸ்ஸில் யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடு. நான் பேசுகிறேன்.