சித்தியின் நாற்பது கேள்விகள்

எங்கள் சித்திக்கு இந்தி தெரியாது. அகதிக் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு அவள் சென்னையிலிருந்து வந்து, டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை இறக்கியதும், "பாஷை தெரியாம யார்கிட்ட என்னம்மா கேப்பே?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார். சித்தி அசரவில்லை. என்னைக் காட்டி, "இவ இருக்காளே" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயது. என் தமிழின் மேல் சித்தி வைத்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். சாப்பிட, குளிக்க, திட்டு வாங்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தமிழ்தான் என்னிடம் இருந்தது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் வேலையில் எனக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது.

சித்தி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் பர்சாத்தி என்று சொல்லப்படும் ஒற்றை அறை உண்டு. பர்மாவின் சின் மலைப்பகுதியிலிருந்து தப்பி வந்த ஓர் அம்மாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில் குடியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அவர்களை நேபாளி என்பார், இன்னொருவர் சைனீஸ் என்பார். மூத்த பெண் மாவி என்னைவிட ஒரு வயது பெரியவள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நானும் அவளும் தினமும் பேட்மின்டன் ஆடுவோம். அவளுடைய தம்பிக்கு நான்கு வயது. அப்பா இல்லை. ராணுவம் சுமை தூக்கக் கூட்டிக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த பந்தை ஓங்கி அடித்தாள்.

அவளுடைய அம்மா ஏதோ ஒரு ரெடிமேட் பட்டறைக்காக வீட்டிலிருந்தே நூல் வெட்டிக் கொடுத்தார். தைத்து முடித்த சட்டைகள் மூட்டையாக வரும். ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி அடுக்க வேண்டும். எங்களைப் பார்த்தால் சிரிப்பார், பேச மாட்டார். அம்மாவுக்கு இந்தி வராது என்று மாவி சொல்லியிருந்தாள். மாவியோ இரண்டே வருடத்தில் என்னை மிஞ்சும் அளவுக்கு இந்தி கற்றிருந்தாள்.

ஆக, ஏற்பாடு இப்படி ஆனது. சித்தி என்னிடம் தமிழில் கேட்பாள். நான் அதை மாவியிடம் இந்தியில் சொல்வேன். மாவி தன் மொழியில் அம்மாவிடம் கேட்பாள். பதில் அதே வழியாகத் திரும்பி வரும். சித்தியின் நோட்டில் மொத்தம் நாற்பது கேள்விகள்.

பெயர், வயது, ஊர் எல்லாம் சுலபமாக முடிந்தன. எட்டாவது கேள்வியில் எனக்குச் சிக்கல் வந்தது.

"பழைய ஞாபகம் வந்து மன உளைச்சல் தருதான்னு கேளு."

உளைச்சல் என்றால் அப்பாவுக்குக் கால் வலிப்பது, அதற்குத் தைலம் தேய்ப்பது என்பது வரை எனக்குத் தெரியும். அதனால் உடம்பு வலிக்கிறதா என்று மாவியிடம் கேட்டேன். அவள் அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அம்மா நிதானமாக, நீளமாகப் பதில் சொன்னார். கையை விரித்து அளவு காட்டினார். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்.

மாவி என்னைப் பார்த்து, "நஹீன். சப் டீக் ஹை" என்றாள்.

"இல்லையாம் சித்தி. எல்லாம் நல்லா இருக்காம்."

"அதுக்கா அவ்வளவு நேரம் பேசினாங்க?"

"அவங்க பாஷை ரொம்ப நீளம் போல."

சித்தி எழுதிக்கொண்டாள். எனக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள், ஊரைவிட்டுக் கிளம்பிய தினம் என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னாள் சித்தி. மாவி கேட்டாள். அம்மா பேசினார். புரியாத சொற்களுக்கு நடுவே தக்காளி, "டமாட்டர்" என்று என் காதில் விழுந்தது. பிறகு காலிஃபிளவர், "கோபி". அப்புறம் தெளிவாக, "புத் பஜார்". ஒவ்வொரு புதன்கிழமையும் எங்கள் பேட்டையில் கூடும் காய்கறிச் சந்தை அது. பர்மாவிலும் புதன் சந்தை இருக்கிறதா என்று முதலில் யோசித்தேன். அடுத்த கேள்வி மாவியின் அப்பாவைப் பற்றியது. அதற்கு வந்த பதிலில் "ஸ்வெட்டர்" இருந்தது. அதற்குமேல் எனக்குக் கேள்விகளில் மனம் போகவில்லை, மாவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி கீழே இறங்கியதும் தொட்டிக்குப் பின்னால் மாவியை மடக்கினேன். நாங்கள் கேட்டதை அவள் கேட்கவே இல்லைதானே?

மாவி மறுக்கவில்லை. இதற்கு முன்னால் இரண்டு தடவை ஆட்கள் வந்து இதையெல்லாம் கேட்டார்களாம். அப்போது இவளுக்கு இந்தி போதாது என்று மொழிபெயர்க்க அவர்களே ஓர் ஆளைக் கூட்டி வந்தார்களாம். கேட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, போய்விட்டார்கள். அம்மா இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சோறு ஆக்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"இப்போது மறுபடி படுத்தால்? வியாழக்கிழமை எனக்கு மேத்ஸ் டெஸ்ட்" என்றாள்.

அதனால்தான், நாளை என்ன சமைக்கலாம், தம்பிக்கு ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னால் எனக்குப் படிப்பு வராது என்று 'வித்யா கஸம்', அதாவது படிப்பின் மேல் சத்தியம், போட வைத்தாள். போட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் நானும் கூட்டுச் சேர்ந்தேன். சித்தி கேட்டதைவிட நல்ல கேள்விகளை நானே மாவிக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் என் அம்மாவோடு சந்தைக்குப் போனேன். ஒரு தக்காளி வண்டியைச் சுற்றிக் கூட்டம். மேலே நல்லதை அடுக்கி அடியில் அழுகலைத் தள்ளுகிறாயா, போன வாரமும் இதே வேலைதானே என்று ஒரு பெண்மணி கடைக்காரரை இந்தியில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "ஏ பையா, இதர் தேக்!" இங்கே பாரு என்று அதட்டல் வேறு. அக்கம்பக்கத்துப் பெண்களும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பதினைந்து வருடம் டெல்லியில் இருந்தும் என் அம்மாவுக்கு அப்படி ஓர் இந்தி வராது. எட்டிப் பார்த்தேன். மாவியின் அம்மா.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். பேச்சு பாதியில் நின்றது. என் அம்மா கொத்தமல்லி பொறுக்கிக்கொண்டிருக்க, அவர் என்னருகே வந்து குனிந்தார்.

"மாவியிடம் சொல்லாதே மகளே" என்றார், மெதுவான, சுத்தமான இந்தியில்.

"ஆன்ட்டி, அப்போ நான் கேட்டதெல்லாம்..."

"சப்." எல்லாமே அவருக்குப் புரிந்திருந்தது.

"அப்புறம் ஏன் பதில் சொல்லலை?"

அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நான் சொன்னால், அவள்தானே அதைத் தன் வாயால் உன்னிடம் சொல்ல வேண்டும்?"

இப்போது என்னிடம் இரண்டு ரகசியங்கள். மகள் தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் ஓர் இரவைத் தாண்ட முடிந்தது, அவ்வளவுதான். மறுநாள் படிப்பே போனாலும் போகட்டும் என்று சித்தியிடம் கொட்டிவிட்டேன். எனக்கு ஒரு யோசனையும் இருந்தது.

"இனிமே மாவி வேண்டாம் சித்தி. அவ ஸ்கூலுக்குப் போனப்புறம் நாம போலாம். நேரா கேட்டுடலாம்!"

சித்தி பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள், "சந்தையில அவங்க கடைசியா என்ன சொன்னாங்க? அதை மட்டும் திருப்பிச் சொல்லு" என்றாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் மேலே போனோம். மாவியும் இருந்தாள். டெஸ்டில் நல்ல மார்க் வரும் என்று குதித்துக்கொண்டிருந்தாள். கேள்விகளில் இன்னும் பன்னிரண்டு பாக்கி. ஆனால் சித்தி நோட்டைக் கொண்டுவரவே இல்லை. தரையில் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து ஒரு சட்டையை இழுத்து, கத்தரிக்குக் கை நீட்டினாள். மாவியின் அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கத்தரியைக் கொடுத்து, காலரின் உட்புறத்தில் நூல் எங்கே ஒளிந்திருக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். வெகுநேரம் யாரும் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. சித்தி நூலோடு ஒரு பொத்தானையும் சேர்த்து வெட்டிவிட்டபோது மட்டும் நால்வரும் சிரித்தோம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் பதவி பறிபோய்விட்டது. சித்தியின் படிப்பும் அதோடு போய்விடும் என்று பயந்தேன். அது போகவில்லை, பட்டம் வாங்க இரண்டு வருடம் கூடுதலாக ஆனது. அதற்குள் மாவியின் குடும்பத்துக்கு ஏதோ குளிர் தேசத்தில் இடம் கிடைத்து அவர்கள் கிளம்பிவிட்டார்கள். போகும்வரை மாவி அம்மாவுக்காகச் சந்தையிலும் கடைகளிலும் இந்தி பேசினாள். அம்மா பக்கத்தில் நின்று, எதுவும் புரியாதவர்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை நான் படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "ஏன் சித்தி கேக்கலை? அவங்களுக்கும் இந்தி தெரியும், எனக்கும் இந்தி தெரியும். அப்புறம் என்ன கஷ்டம்?"

சித்தி துப்பட்டாவில் ஒட்டியிருந்த நூல்பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்தபடி முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. "சொல்லு சித்தி, என்ன கஷ்டம்?" என்று எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன்.